முகவரிச் சீட்டில் ஒரு விளக்கு

இலக்கிய மலரில் முகவரிச் சீட்டைப் பற்றி ஒருவன் எழுதப் புகுவதைக் கண்டு அன்பர்கள் சிலர் புருவம் உயர்த்தக் கூடும். கம்பனும் இளங்கோவும் அமர்ந்திருக்கும் பந்தியில் பசை தடவிய காகிதத் துண்டுக்கும் இலை போடுவதா என்று கேட்பாரும் உண்டு. நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில், கடிதங்களைப் பதிந்து அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில், எழுத்தராகக் காலங்கழிப்பவன் நான். தெரிந்த பொருளைப் பற்றித்தானே எழுத முடியும்? மேலும், இளங்கோவடிகளே இப்பொருளை விட்டுவைத்தாரில்லை.

மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனுக்கு மாதவியின் இரண்டாம் கடிதம் கிடைக்கிறது. கோசிகன் என்னும் அந்தணன் அதைக் கொண்டுவந்து தருகிறான். சுருட்டிய ஓலையின் மேல் மண் இலச்சினை இட்டிருக்கிறாள் மாதவி. அம்மண்ணில் பதிந்திருப்பது அவளுடைய கூந்தலின் சுவடு. கூந்தலில் பூசிய நெய்யின் மணமும் அதில் எஞ்சியிருக்கிறது. ஓலையைப் பிரித்து ஒரு சொல்லைப் படிக்கும் முன்னரே, அனுப்பியவள் இன்னாள் என்பது கோவலனுக்குத் தெரிந்துவிடுகிறது. உறையின் மேல் இடும் குறி செய்ய வேண்டிய தொழில் இதுதான். சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் புலியும் கயலும் வில்லும் பொறித்த முத்திரை அமைந்திருப்பதும் இதே தொழிலுக்காகத்தான்.

எங்கள் அலுவலக உறைகளுக்கு இந்தக் கவலை இல்லை. ‘ஆன் இந்தியா கவர்ன்மெண்ட் சர்வீஸ்’ என்று அச்சிட்டு, சாரநாத்தின் சிங்கத் தலைகளும் தலைப்பில் இருந்துவிட்டால், அந்த உறையைக் குப்பையில் எறியும் துணிவு எவருக்கும் வருவதில்லை. பழைய உறையின் மேல் ‘எகானமி சிலிப்’ என்னும் சிக்கனச் சீட்டை ஒட்டி மறுபடியும் அனுப்பினாலும் அந்த மதிப்புக் குறைவதில்லை. வரி பாக்கியோ வழக்கோ என்று அஞ்சியாவது பிரித்துப் பார்த்து விடுகிறார்கள். ஆனால் நம் சங்கத்தின் உறை அத்தகையதன்று. அதைக் கண்டு அஞ்சுவார் இல்லை. அன்பினால்தான் பிரிக்க வேண்டும். அன்பு காட்டுவதற்கு முதலில் அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா?

நாகபுரியில் நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் அப்போது 611 குடும்பங்கள் கொண்டது. பொங்கல் விழா, ஆண்டுப் பொதுக்குழு, கல்வி உதவி விண்ணப்பம் என ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அஞ்சல் போகும். முகவரிகள் யாவும் ஆங்கிலத்தில். அது குற்றமில்லை, கடிதத்தை எடுத்துச் செல்லும் மராட்டியத் தபால்காரர் படிக்க வேண்டுமே! பெயர், வீட்டு எண், பேட்டை, ஊர், 440 என்று தொடங்கும் ஆறிலக்கப் பின்கோடு. 1972 ஆகஸ்டு 15 அன்று இந்த எண்முறை வந்த பிறகு, தெருப் பெயரைத் தப்பாக எழுதினாலும் கடிதம் அந்த வட்டாரத்து அஞ்சலகம் வரையிலாவது போய்ச் சேர்ந்து விடுகிறது. ஆக, கடிதம் வீட்டு வாயிலை அடைவதில் சிக்கல் ஏதும் இல்லை. வாயிலைத் தாண்டிய பிறகுதான் சிக்கல்.

2015-இல் நடந்தது இது. இரயில்வேயில் பணியாற்றி மறைந்த உறுப்பினர் ஒருவரின் மனைவியார், எழுபதைத் தாண்டியவர், சங்கத்திற்கு நேரில் வந்தார். தஞ்சைப் பக்கத்துக்காரர். பேத்தி அவ்வாண்டு பி.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்திருந்தாள். கல்வி உதவி விண்ணப்பம் தமக்கு வரவில்லையே என்று கேட்டார். ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். அனுப்பிய நாள் பதிவாகியிருந்தது. உறை திரும்பியும் வரவில்லை. பேசப் பேச விளங்கியது. அவருடைய மருமகள் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நாள்தோறும் கடன் தருகிறோம், காப்பீடு தருகிறோம், மனை தருகிறோம் என்று வரும் வெள்ளை உறைகளோடு சேர்ந்து நம் வெள்ளை உறையும் பழைய காகிதக்காரனிடம் போய்விட்டது. கடைசித் தேதி கடந்து மாதம் ஒன்றாகியிருந்தது. பெண்ணின் கட்டணத்துக்கு இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

“தம்பி, வர்ற கவர் எல்லாம் இங்கிலீசு. எது உங்களுது, எது கடன் குடுக்கறேன்னு சொல்றவனுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தமிழ்ல ரெண்டு எழுத்து இருந்திருந்தா நானே எடுத்து வச்சிருப்பேனே” என்றார் அந்த அம்மையார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் கடிதம் முழுவதும் தமிழ். வெளியே ஓர் எழுத்தும் தமிழில்லை. செயற்குழுவில் இதை நான் எடுத்துரைத்தபோது மறுத்தவர் எவருமில்லர். வழியைப் பற்றித்தான் வாதம் எழுந்தது. ரப்பர் முத்திரை குத்தலாம் என்றார் ஒருவர். 611 உறைகளுக்கும் குத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? வருகிற நால்வரும் மூட்டுவலிக்காரர்கள். சின்னம் அச்சிட்ட உறைகளையே வாங்கலாம் என்றார் மற்றொருவர். பொருளாளர் விலையைச் சொன்னார். பேச்சு அத்துடன் அடங்கிற்று. எஞ்சியது ஒன்றே. எப்படியும் கணினியில் முகவரிச் சீட்டு அச்சிடுகிறோம். அச்சீட்டிலேயே சங்கத்தின் சின்னத்தையும் சேர்த்துவிடுவது. அந்தப் பணி என் தலையில் விழுந்தது.

சங்கத்தின் கணினியைப் பற்றி இரண்டொரு சொற்கள். நன்கொடையாக வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, வேர்டு 2003. இவ்விரண்டுக்கும் அவற்றை ஆக்கிய நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஊழியரைப் போல, இணையத் தொடர்பின்றி ஒரு மூலையில், கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தது அது. இரண்டு தமிழ்ச் சொற்களை நேராகத் தட்டச்சு செய்தால் தீர்ந்ததே என்பீர்கள். எக்ஸ்பியில் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேர்ந்து தோன்ற வேண்டுமானால் அதற்குரிய கோப்புகளை மூலத்தட்டிலிருந்து தனியே நிறுவ வேண்டும். நன்கொடையாக வந்த பெட்டியோடு தட்டு வரவில்லை. பழைய எழுத்துருக்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறை. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் கிறுக்கல். ஆகவே எழுத்தைப் படமாக்கிச் சேர்ப்பதே தக்கது எனத் துணிந்தேன். படத்திற்கு எழுத்துரு வேண்டா. எந்தப் பெட்டியில் திறந்தாலும் ‘ழ’கரம் ‘ழ’கரமாகவே நிற்கும்.

நாங்கள் பயன்படுத்திய தாளில் 24 சீட்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 64 மில்லிமீட்டர் அகலம், 34 மில்லிமீட்டர் உயரம். நம்மவர் பெயர்களின் நீளமும் ஹவுசிங் சொசைட்டிகளின் பெயர்களின் நீளமும் அன்பர்கள் அறிந்தவையே. முகவரிக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் ஒதுக்கினால் சின்னத்திற்கு மிஞ்சுவது 15 மில்லிமீட்டர் சதுரம். கட்டை விரல் நகத்தின் அளவு. அதற்குள் சங்கத்தின் மானம் அடங்க வேண்டும்!

வேர்டு மென்பொருளுக்கு முகவரித் தாள் என்பது வெறும் அட்டவணை, 24 கட்டங்கள். பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்துக் கட்டங்களில் நிரப்பும் வித்தைக்கு மெயில் மெர்ஜ் என்று பெயர். முதற் கட்டத்தை அடுத்து வரும் ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ‘அடுத்த பதிவு’ என்னும் கட்டளை இருந்தாக வேண்டும். அது விடுபட்டால் 24 சீட்டிலும் ஒரே உறுப்பினரின் பெயர் அச்சாகும். படத்தைச் சேர்க்கும்போது இக்கட்டளை அழியாமல் பார்த்துக்கொள்வது முதல் விதி. படத்தை எழுத்தோடு எழுத்தாக, வரிக்குள் அமருமாறு வைப்பது இரண்டாம் விதி. மிதக்கும் படமாக விட்டால் நங்கூரம் அறுந்த தோணி போல அது தன் கட்டத்தை விட்டு நகர்ந்துவிடும். ஒவ்வொரு சீட்டுக்குள்ளும் இரு அறை கொண்ட சிற்றட்டவணை ஒன்றை அமைத்து, இடப்பக்க அறையில் சின்னமும் வலப்பக்க அறையில் முகவரியுமாகக் குடிவைத்தேன். மூன்றாவது, படத்தின் கனம். 15 மில்லிமீட்டர் அகலம் என்பது, அங்குலத்துக்கு 600 புள்ளி இடும் லேசர் பிரிண்டரில் 354 புள்ளிகள். வண்ணப் படமாக வைத்தால் ஒன்றுக்கே 367 கிலோபைட் ஆகிறது. கறுப்பு வெள்ளையாக மட்டும் வைத்தால் 15 கிலோபைட் போதும். ஒரு தாளுக்கு 24 என்று பெருக்கிப் பாருங்கள். முதிய பெட்டியின் மேல் எந்தச் சுமையை ஏற்றுவது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை.

இவ்வளவும் இரண்டு மாலைகளில் முடிந்த வேலை. வேலையின் கடினமான பகுதி கணினிக்கு வெளியே இருந்தது.

நம் சின்னத்தை அன்பர்கள் அறிவர். நடுவே ஐந்து முகக் குத்துவிளக்கு, பின்னே கோபுரம், அடியில் விரித்த ஏட்டுச்சுவடி, சுற்றிலும் வட்டமாகச் சங்கத்தின் பெயர். கடிதத் தாளின் தலைப்பில் அது கம்பீரமாக விளங்குகிறது. அதை ஸ்கேன் செய்து 15 மில்லிமீட்டருக்குச் சுருக்கி அச்சிட்டால், வட்டத்து எழுத்துகளின் உயரம் ஒரு மில்லிமீட்டர். முன்னாளில் சங்கத்தில் இருந்த ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் பொறியில், அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கில், ஓர் எழுத்தின் உயரத்திற்கு மூன்று புள்ளிகூடத் தேறாது. மூன்று புள்ளிக்குள் ‘ழ’கரம் எழுதப் பிரமனாலும் ஆகாது. லேசர் பிரிண்டருக்கு அதே உயரத்தில் 23 புள்ளிகள். அது ஒழுங்காகவே அச்சிட்டது. ஆனால் பொறிக்கு இயன்றது கண்ணுக்கு இயலவில்லை. எழுபது வயதுக் கண்ணுக்கு அது வட்டமான ஒரு கறுப்புக் கோடு. யாருக்காக இந்த வேலையைத் தொடங்கினோமோ அவருக்கே பயன்படாது.

இச்சின்னத்தை வரைந்த பெரியவர் அப்போது எண்பதைக் கடந்தவர். இரயில்வேயில் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் முதல் கடிதத் தாளுக்காகத் துத்தநாக பிளாக் செய்யக் கொடுத்த மூலப்படமும் அவர் கையால் எழுந்ததே. அச்சிட்ட தாளை அவரிடம் கொண்டுபோனேன். கணினியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“எத்தனை மில்லிமீட்டர்?” என்றார்.

“பதினைந்து, ஐயா.”

“அப்போ அறுபதுல வரையணும். பிளாக்குக்கு எப்பவும் நாலு மடங்கு பெரிசாத்தான் வரைஞ்சு குடுப்போம். சின்னதாக்கறது மெஷின் வேலை இல்ல தம்பி. எதை விடணும்னு நாம முடிவு பண்ணணும். அது மெஷினுக்குத் தெரியாது.”

அறுபது மில்லிமீட்டர் சதுரம் ஒன்றைக் கோடிட்டு, இந்திய மையால் வரையத் தொடங்கினார். கை சற்றே நடுங்கியது. தூரிகை தாளைத் தொட்டபின் நடுங்கவில்லை. இடையிடையே தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தாளுக்கும் கண்ணுக்கும் நடுவே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கிட்டப்பார்வைக்கு அணியும் கண்ணாடியின் வில்லை குழிந்தது. எட்டிப் பிடித்தால் பொருளைச் சிறிதாக்கிக் காட்டும். படம் சுருங்கினால் எப்படித் தோன்றும் என்பதை வரையும்போதே அறிந்துகொள்ள பிளாக் காலத்து ஓவியர்கள் இதற்கென்றே குழிவில்லை வைத்திருந்தார்களாம். முதலில் கோபுரம் போயிற்று. பிறகு ஏட்டுச்சுவடியின் வரிகள். ஐந்து சுடர்கள் ஒரே சுடராயின.

செயற்குழுவில் புயல் வீசிற்று. ஐந்து முகமும் ஐந்திணையைக் குறிப்பது, ஒன்றாக்குவது தகாது என்றார் ஒரு பேராசிரியர். பொருளாளரோ மறுகோடிக்குச் சென்று, விளக்கு மட்டும் போதும், எழுத்தே வேண்டா என்றார். என் அலுவலக அறிவு அங்கே கைகொடுத்தது. அரசுச் சின்னத்தைப் பற்றிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிங்கத் தலைகளின் கீழே தேவநாகரியில் அமைந்த ‘சத்யமேவ ஜயதே’ என்பதும் சின்னத்தின் ஒரு பகுதி. அதை விட்டு வெறும் சிங்கங்களை அச்சிட்டால் சின்னம் முழுமை பெறாது. விளக்கு எல்லோருக்கும் பொது. எண்ணெய் வாணிபம் செய்வோரும் விளக்குப் படம் போடுவர். அந்த அம்மையார் கேட்டது தமிழில் இரண்டு எழுத்து. விளக்கை அவர் கேட்கவே இல்லை. இதைச் சொன்னபின் பொருளாளர் இணங்கினார்.

பெயரை நேர்க்கோட்டில் எழுதினால் 15 மில்லிமீட்டரில் அடங்காது. இரு வரியாக, மேலே ‘தமிழ்ச்’, கீழே ‘சங்கம்’ என்று மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் அமைத்தார் பெரியவர். ‘ச்’ என்னும் ஒற்று வரியின் ஓரத்தில் தொங்குகிறதே, அதை எடுத்துவிட்டால் மற்ற எழுத்துகள் இன்னும் பெரிதாகுமே என்று ஒருவர் கருத்துரைத்தார். தமிழாசிரியராக இருந்த அம்மையார் ஒருவர், “வல்லினம் மிகும் இடத்தில் மிகத்தான் வேண்டும். உறையின் மேல் இருக்கிற தமிழே இந்த இரண்டு சொல்தான். அதையும் பிழையாக எழுதி அனுப்புவதா?” என்று கேட்டார். அதன்பின் ஒற்றின் மேல் கை வைக்க எவரும் துணியவில்லை.

எனக்கு இதுவரை தோன்றாத ஒன்றைப் பெரியவர்தாம் காட்டினார். சுருக்கும்போது முதலில் மறைவது புள்ளி. ‘தமிழ்ச் சங்கம்’ என்பதில் ழ், ச், ங், ம் என நான்கு புள்ளிகள். அவை அடைபட்டால் படிப்பவர் கண்ணுக்கு எஞ்சுவது ‘தமிழச சஙகம’. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்திருக்கவும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எழுத்தாணியின் முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ‘எ’கரமா ‘ஏ’காரமா, மெய்யா உயிர்மெய்யா என்று பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. இப்போதோ 354க்கு 354 புள்ளிகளால் ஆகிய படத்தில், தமிழுக்கு வேண்டிய நான்கு புள்ளிகளுக்கு இடம் தேட வேண்டியதாயிற்று. பெரியவர் அப்புள்ளிகளை இயல்பினும் பெரியனவாக, எழுத்தை விட்டுச் சற்று உயர்த்தி வரைந்தார். அறுபது மில்லிமீட்டர் படத்தில் பார்ப்பதற்கு அவை அழகாக இல்லை. மிளகை வாரி இறைத்தாற்போல் இருந்தன. பதினைந்துக்குச் சுருங்கியதும் தத்தம் இடத்தில் சரியாகப் போய் அமர்ந்தன.

முதல் தாளை அச்சிட்டு அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார். பாராட்டுச் சொல் ஒன்றும் வரவில்லை. “கடைசி ‘ம்’ மேல இருக்கற புள்ளி இன்னும் ஒரு மயிரிழை மேல போகட்டும்” என்றார். மூலத்தில் வெள்ளை பூசி அவரே திருத்தினார். மறுபடி ஸ்கேன் செய்தேன்.

26 தாள்கள். 25 தாள் முழுமையாக நிரம்பி, கடைசித் தாளில் 11 சீட்டு அச்சாகி 13 வெறுமையாக நின்றது. மிஞ்சியவற்றை அடுத்த முறைக்கு அதே தாளில் அச்சிடலாமே என்று சிக்கனம் பேசியவர்க்கு இங்கே விடை கூறி வைக்கிறேன்: சீட்டு உரித்த தாளை லேசர் பிரிண்டருக்குள் மீண்டும் செலுத்தலாகாது. உள்ளே சூட்டில் பசை இளகும். சீட்டு உருளையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பொறியைப் பழுது பார்க்கும் செலவு சீட்டு விலையைப் போல் பன்மடங்கு ஆகும். அந்தப் பதின்மூன்றையும் கையால் எழுதி ஒட்டப் பயன்படுத்தினோம். சின்னத்தின் கீழே அனுப்புநர் முகவரியையும் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அனுப்புநர் முகவரி இல்லாத உறை திரும்பும் வழியறியாமல் அஞ்சல் துறையின் திரும்பிய கடித அலுவலகத்தில் போய்ப் படுத்துவிடும் என்பதை டெஸ்பாட்ச் பிரிவில் இருப்பவன் மறக்க முடியுமா?

2016 கல்வி உதவி விண்ணப்பம் அந்தச் சீட்டுகளோடு சென்றது. அவ்வாண்டு ஒன்பது உறைகள் திரும்பி வந்தன. வீடு மாறியவர்கள், மறைந்தவர்கள். பட்டியலிலிருந்து அப்பெயர்களை நீக்கும் பணியும் என்னுடையதே. ஓர் உறையின் மேல், இவர்கள் சென்னைக்கே போய்விட்டார்கள் என்று அவ்வீட்டின் புதுக் குடித்தனக்காரர் மராட்டியில் எழுதி, நம் அலுவலகப் பெட்டியில் தாமே போட்டுச் சென்றிருந்தார். உறையில் விளக்கைக் கண்டு, ஏதோ கோயிலிலிருந்து வந்த கடிதம் என்று எண்ணி எறிய மனம் வரவில்லையாம், காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். விளக்குக்காக வாதாடிய அன்பர்களுக்கு இச்செய்தியைத் தெரிவித்தேன், மகிழ்ந்தார்கள்.

இன்று பெரும்பாலான உறுப்பினர்க்கு அழைப்பு வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. அச்சிட்ட உறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்க்கு மட்டும் அஞ்சலில் அனுப்புகிறோம். அந்தப் பதினைந்து கிலோபைட் படக்கோப்பை மூன்று இடங்களில் படியெடுத்து வைத்திருக்கிறேன். மையில் வரைந்த மூலம் சங்கத்துப் பீரோவில், பெரியவர் கையெழுத்திட்ட பழுப்பு உறைக்குள் இருக்கிறது.

அந்த அம்மையாரின் பேத்தியிடமிருந்து விண்ணப்பம் கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னரே வந்து சேர்ந்தது. காப்பாளர் கையொப்பம் என்ற இடத்தில் பாட்டியே தமிழில் கையெழுத்திட்டிருந்தார். அடுத்த செயற்குழுவில் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கான உதவி ஒப்புதல் பெற்றது. காசோலையையும் அதே சீட்டு ஒட்டிய உறையில்தான் அனுப்பினோம்.